மலையகப் போக்குவரத்தும் மின்சாரமும்: வண்டிச் செலவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றையது பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயா நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து சுரங்க வழியாகச் சென்று நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகின்றது. பின்னர் லக்ஷபானவிலும் அதே நீர் மீண்டும் மின்சாரமாகின்றது. அம்மின்சாரம் கம்பி வழியே கீழ்நாட்டுக்கு இறங்குகின்றது. எதிர்த்திசையில், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கப்படும் பெற்றோலும் டீசலும் ஏறத்தாழ நாலாயிரம் அடி மலையேறி நோர்வூட்டின் வண்டிகளை வந்தடைகின்றன. மலையில் விளையும் சக்தி மலையை விட்டுப் போக, கடல் கடந்து வரும் சக்தியைக் கொண்டு மலையிலே வண்டி ஓட்டும் இவ்வழக்கம் எவ்வாறு அமைந்தது? மின்சாரத்தால் ஓடும் வண்டி பெற்றோல் வண்டியைவிட ஆதாயமானதா என்று இன்று எங்கும் எழுப்பப்படும் வினாவுக்கு, இம்மலைப் பகுதியின் போக்குவரத்து வரலாறு சில விடைகளைத் தருகின்றது.

இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றனர். வண்டியை வாங்கும் விலை, அவ்விலைக்குரிய வட்டி, ஆண்டுதோறும் ஓடும் தூரம், அரசு விதிக்கும் தீர்வை ஆகியனவும் அதே கணக்கின் உறுப்புகளாகும். மலையகத்தைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தவை எந்நாளும் இப்பின்னைய உறுப்புகளேயன்றி எஞ்சினின் தன்மையன்று.

இதற்கு முதற் சான்று புகையிரதப் பாதையே. காப்பித் தோட்டங்களின் காலத்தில் மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு இறங்கின. தொழிலாளருக்குரிய அரிசி அதே வண்டிகளில் மேலேறிற்று. பயணம் நாட்கணக்கில் நீண்டது. மழைக்காலத்தில் வாரக்கணக்கிலும் இழுபட்டது. வண்டிக் கூலி தோட்டச் செலவில் பெரும் பங்காக இருந்தமையால் துரைமார் புகையிரதம் கோரிக் கிளர்ச்சி செய்தனர். 1845இல் அமைக்கப்பட்ட கம்பனியின் மதிப்பீடுகள் பொய்த்தன. 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிய வேலையை 1861இல் அரசே பொறுப்பேற்றது. ஏற்றுமதிக் காப்பி மீது தீர்வை விதித்துப் பணம் திரட்டப்பட்டது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. இதற்கிடையில், 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்துவிட்டது. காப்பிக்காகக் கேட்ட தண்டவாளம் ஹற்றனுக்கு வந்தபோது தேயிலையே அதில் ஏறிற்று. பாதை ஆதாயமானதா என்று 1857இல் எவரேனும் தீட்டிய கணக்கில் தேயிலைக்கு இடமே இருந்திருக்க முடியாது. நீண்ட ஆயுளுடைய பொருளில் முதலிடுவோர் யாவரும் எதிர்கொள்ளும் இடர் இது. மின்கலவடுக்கின் ஆயுளை இன்று எண்ணிப் பார்ப்போருக்கும் இது பொருந்தும்.

புகையிரதம் ஹற்றனோடு நின்றது. அங்கிருந்து தோட்டம் வரையிலான பாதையை முதலில் மாட்டுவண்டியும் பின்னர் லொறியும் ஏற்றன. தோட்டத்துக்குள்ளோ செலவே இல்லாத ஒரு வழியும் இருந்தது. மேல்மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டால், அது தன் பாரத்தாலேயே கீழேயுள்ள தொழிற்சாலைக்கு வழுக்கிச் சென்றது. மலையின் உயரமே எரிபொருளாகிய இம்முறை பல தோட்டங்களில் வழக்கிலிருந்தது. தொழிற்சாலைகள் சிலவற்றில் ஓடைநீரால் சுழலும் சிறு சுழலிகள் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை இயக்கின. நீரையும் சரிவையும் பயன்படுத்தும் அறிவு மலையகத்துக்குப் புதிதன்று.

உலகில் மின்சார வண்டியும் புதிதன்று. 1900ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் உற்பத்தியான 4,192 மோட்டார் வண்டிகளில் 1,681 நீராவியாலும் 1,575 மின்சாரத்தாலும் இயங்கின. பெற்றோல் வண்டிகள் 936 மட்டுமே. மின்வண்டி ஓசையற்றது, புகையற்றது, கைப்பிடியால் சுழற்றி உயிர்ப்பிக்க வேண்டாதது. பெற்றோல் வண்டியின் இக்கடைசிக் குறையை 1912இல் கடிலக் வண்டியில் பொருத்தப்பட்ட தானியங்கித் தொடக்கி நீக்கியது. அத்தொடக்கியை இயக்கியது ஒரு சிறு மின்மோட்டாரே என்பது சுவையான செய்தி. ஹென்றி போர்ட் 1908இல் 850 டொலருக்கு விற்ற ‘ரி’ மாதிரி வண்டியின் விலை 1925இல் 260 டொலருக்கு இறங்கியது. வாங்கும் விலையில் தோற்றதும் மின்வண்டி சந்தையிலிருந்து மறைந்தது. ஓட்டும் செலவு அப்போது யாருடைய பேச்சிலும் முதலிடம் பெறவில்லை.

கொழும்பிலோ மின்சாரத்தால் ஓடிய முதற் பொது வாகனம் டிராம் வண்டியாகும். புஸ்டெட் சகோதரர் நிறுவனத்தார் 1899ஆம் ஆண்டளவில் அமைத்த அச்சேவையை 1944இல் மாநகர சபை பொறுப்பேற்றது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொறளைக்கும் ஓடிய இவ்வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரம், அக்காலத்தில் கெஹெல்கமு ஓயாவிலிருந்து வரவில்லை. கொழும்பிலேயே எரிபொருள் எரித்துப் பெறப்பட்டது.

நீர்வலுவை நாட்டின் பொருளாதாரக் கேள்வியாக முன்வைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியிற் பிறந்த இப்பொறியியலாளர், இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் 1918இல் வாசித்த கட்டுரையில், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீர்வலு நாட்டுக்குத் தரவல்ல பயனைக் கணக்கிட்டுக் காட்டினார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே பொருளாதாரம் என்ற சொல் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. நீர் இலவசம், ஆயினும் அணையும் சுரங்கமும் இலவசமல்ல. பெரும் பணத்தை முதலில் முடக்கினாலன்றி மலிவான மின்சாரம் கிட்டாது. முன்பணத்தை முடக்க யார் துணிவார் என்பதே தடையாயிற்று. 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை 1927இல் நிறுத்தப்பட்டது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவான விமலசுரேந்திர அங்கும் இதற்காக வாதாடினார். 1938இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. போர் குறுக்கிட்டது. 1950இலேதான் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கடந்தன. அணையைப் போன்றதே மின்வண்டியும்: செலவின் பெரும்பகுதியை முன்னரே செலுத்திவிட்டுப் பயனைப் பின்னர் சிறுகச் சிறுகப் பெறவேண்டும். வட்டி உயர்ந்த நாட்டில் இத்தகைய பொருள் எதுவாயினும் இடர்ப்படும்.

லக்ஷபான இயங்கத் தொடங்கிய பின்னராவது மலைப்பாதைப் புகையிரதம் மின்சாரத்துக்கு மாறியிருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை, அப்பாதை இன்றுவரை மின்மயமாக்கப்படவில்லை. 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா டீசல் எஞ்சின்களை நன்கொடையாக வழங்கியது. எஞ்சின் கையில் வந்தது. கம்பியும் தூணும் வரவில்லை. நன்கொடை பெற்ற எஞ்சினுக்கு வேண்டிய டீசலை மட்டும் ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. இவ்வெஞ்சின்களின் அமைப்பைச் சற்று நோக்குதல் தகும். டீசல் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அதில் உண்டாகும் மின்சாரம் சக்கரங்களிலுள்ள மோட்டார்களை இயக்குகின்றது. ஆகவே ஹற்றன் ஏற்றத்தில் புகையிரதத்தை இழுத்து ஏற்றுவது ஏழு பத்தாண்டுகளாக மின்மோட்டாரே ஆகும். மலையேற்றத்துக்கு மின்மோட்டார் ஏற்றதன்று எனும் ஐயத்துக்கு ஹற்றன் புகையிரத நிலையத்திலேயே விடை கிடைக்கின்றது.

கொழும்பின் அனுபவமும் இதனோடு ஒத்ததே. டிராம் வண்டிகளுக்குப் பதிலாக 1953இல் மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பேருந்துகள் விடப்பட்டன. கடைசி டிராம் 1960இல் நின்றது. மின்பேருந்தும் 1964இல் நின்றுபோயிற்று. 1958 தொடக்கத்தில் நிறுவப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டனில் ஓடிக் கழித்த இரட்டைத்தட்டு டீசல் பேருந்துகளை வாங்கி ஓட்டியது. பழைய பேருந்தின் மலிவான விலைக்கு எதிரே, கம்பியையும் தூணையும் பேணும் செலவு நிற்கமுடியவில்லை. அக்காலத்தில் டீசல் மலிவு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை உயர்த்தியபோது, அம்மலிவு திரும்பாது என்பது தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் கம்பிகள் கழற்றப்பட்டு ஒன்பது ஆண்டுகளாகிவிட்டன.

இவையெல்லாம் நிகழ்ந்துகொண்டிருக்க, நோர்வூட் பகுதியில் நீர்மட்டம் உயர்ந்தது. காசல்ரீ அணையும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965இல் நிறைவுற்றன. சில ஆண்டுகளில் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது; கடும் வறட்சியில் நீர் வற்றும்போது கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. தேசிய மின்கம்பி தொழிற்சாலையை அடைந்ததும் தோட்டங்களின் சிறு சுழலிகள் பல கைவிடப்பட்டன. மின்சாரம் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் முதலில் சென்றது. லயத்து அறைகளில் மண்ணெண்ணெய் விளக்கு நெடுங்காலம் எரிந்தது. தம் ஊரை மூழ்கடித்து உண்டாக்கிய மின்சாரத்தைப் பிந்திப் பெற்ற மக்கள், அதனால் ஓடும் வண்டியின் ஆதாயத்திலும் எங்கே நிற்கின்றனர் என்பதைக் கணக்கிட்டே காணவேண்டியுள்ளது.

அக்கணக்குக்கு வேண்டிய தரவுகளை 2015ஆம் ஆண்டு தருகின்றது. அதற்குச் சற்று முன்னர் மின்காருக்கான இறக்குமதித் தீர்வை 5 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்தமையால், ஜப்பானில் பாவித்த நிசான் லீவ் கார்கள் பெருந்தொகையாக வந்திறங்கின. வீட்டுப் பாவனையாளர் விரும்பின் நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தெரிவுசெய்யும் திட்டமும் அவ்வாண்டு அறிமுகமாயிற்று. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஓர் அலகு 13 ரூபா; பகலில் 25 ரூபா; மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை 54 ரூபா. பெற்றோல் லீற்றர் 117 ரூபாவாக இருந்தது. நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் பெற்றோல் கார் ஒன்றுக்கு 936 ரூபா செலவாகும். அதே தூரத்துக்கு மின்கார், ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 20 அலகு எடுப்பதாகக் கொண்டால், நள்ளிரவில் ஏற்றியவருக்கு 260 ரூபா; மாலை ஏழு மணிக்கு ஏற்றியவருக்கு 1,080 ரூபா. ஒரே கார், ஒரே கம்பி, ஒரே இரவு. ஆயினும் நேரம் தவறினால் மின்கார் பெற்றோல் காரையும் விடச் செலவு மிக்கதாகின்றது. மாலையில் நாடே விளக்கேற்ற, எண்ணெய் எரித்தும் மின்சாரம் பெறவேண்டியிருப்பதே இவ்வேறுபாட்டின் காரணம். இத்திட்டம் மும்முனை இணைப்புள்ள வீடுகளுக்கே உரியதாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

நள்ளிரவில் ஏற்றும் முறைமையுள்ள ஒருவரையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோமீற்றருக்கு அவர் மீதப்படுத்துவது 676 ரூபா. ஒப்பான பெற்றோல் காரைவிட மின்காரின் விலை பத்து இலட்சம் ரூபா கூடுதலென்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், அம்மேலதிகப் பணம் மீள ஏறத்தாழ 1,48,000 கிலோமீற்றர் ஓடவேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடும் ஆசிரியர் அல்லது எழுதுவினைஞருக்கு இது பதினைந்து ஆண்டுகள். அதுவும் வட்டியைப் புறக்கணித்த கணக்கு. பத்து இலட்சத்துக்கு 12 வீத வட்டி ஆண்டொன்றுக்கு 1,20,000 ரூபா; அவருடைய ஆண்டு மீதம் 67,600 ரூபா. மீதம் வட்டிக்கே போதாது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடும் வாடகைக் காருக்கோ மீதம் 2,70,400 ரூபா. வட்டி போக ஒன்றரை இலட்சம் மிஞ்சுகின்றது. ஆகவே மின்கார் ஆதாயமா என்ற வினாவை எவ்வளவு தூரம் ஓடுபவருக்கு என்று திருத்திக் கேட்டாலன்றி விடை கூறுதல் இயலாது.

மலைக்கேற்ற திருத்தம் ஒன்றும் உண்டு. ஒன்றரைத் தொன் எடையுள்ள காரைக் கொழும்பிலிருந்து ஹற்றனின் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 5 அலகுக்குச் சற்று மேற்பட்ட மின்சக்தி தேவை. முதற் லீவ் காரின் மின்கலவடுக்கு மொத்தம் 24 அலகே கொள்ளும். எனவே இடையில் ஏற்றாமல் அது கொழும்பிலிருந்து ஹற்றனை அடைவது அரிது. இறங்கும்போதோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஏறச் செலவிட்டதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றது. பெற்றோல் வண்டி அதனைத் தடையின் சூடாகக் காற்றில் விடுகின்றது. கம்பியில் வழுக்கி இறங்கிய கொழுந்து மூட்டையின் தத்துவமே இதுவும். மேலும், உயர்ந்த இடத்து மெல்லிய காற்றில் பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழப் பத்திலொன்றை இழக்கின்றது. மின்மோட்டாருக்கு அவ்விழப்பு இல்லை. காற்றினால் மட்டுமே குளிரும் லீவ் காரின் மின்கலவடுக்கு வெப்பத்தில் விரைந்து நலிவடைவது. நோர்வூட்டின் குளிர் அதற்கு நன்மையே. ஆக இயற்கை மின்வண்டிக்குச் சார்பாகவே நிற்கின்றது.

அரசின் தீர்வையோ அவ்வாறு நிலைத்து நிற்கவில்லை. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டம் மின்காரின் தீர்வையை 5 வீதத்திலிருந்து 50 வீதமாக்கியது. காரில் மாற்றமில்லை, ஆற்றிலும் மாற்றமில்லை. ஓர் அறிவித்தலால் முந்திய கணக்குகள் யாவும் பயனற்றுப் போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது.

பின்னர் 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. மின்கட்டணமோ ஆகஸ்ட் வரை உயர்த்தப்படவில்லை. மேற்கூறிய பெற்றோல் காருக்கு நூறு கிலோமீற்றர் 3,760 ரூபா. மின்காருக்கு அதே 260 ரூபா. பத்து இலட்சத்தை மீட்க இருபத்தொன்பதாயிரம் கிலோமீற்றருக்கும் குறைவாகவே ஓடினாற் போதும். கணக்கு இவ்வளவு அழகாக அமைந்த நாளில் வாங்குவதற்குப் புதிய வண்டி இல்லை. ஏப்ரலில் மத்திய வங்கியின் கடன் வீதம் ஒரே அறிவிப்பில் 7 புள்ளி உயர்ந்து 14.5 ஆகியிருந்ததால், வாங்கக் கடனும் எளிதில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். எரிபொருள் இல்லாவிடின் மின்சாரமும் குறையும் நாட்டில், மின்கார் எண்ணெயிலிருந்து முழு விடுதலை தருவதன்று. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் கப்பலிலேயே வருகின்றது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் முறையே 75, 66 வீதம் உயர்ந்து, அழகிய கணக்கையும் குலைத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, மின்காரின் வரி மோட்டாரின் கிலோவாற்று அளவைக்கொண்டு விதிக்கப்பட்டது.

நோர்வூட் சந்தியில் இக்கேள்வி காரைப் பற்றியதன்று, முச்சக்கரவண்டியைப் பற்றியதே. தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் செல்லும் மக்களை ஏற்றியிறக்குவது அதுவே. அதிக தூரம் ஓடுவது, குறுகிய வட்டத்துக்குள் ஓடுவது, இரவில் ஒரே இடத்துக்குத் திரும்புவது என்ற மூன்று தகுதிகளும் அதற்குண்டு. மேலே கண்ட கணக்கின்படி மின்சாரம் முதலில் ஆதாயமாவது இவ்வண்டிக்கே. 2022 ஜூலையில் எரிபொருள் அட்டை முறை நடைமுறைக்கு வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர் ஒதுக்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று கொண்டால் வாரத்துக்கு 125 கிலோமீற்றர். ஒரு நாளைய, மிஞ்சினால் இரு நாளைய உழைப்பு. அந்நாட்களில் விலையைப் பற்றிய பேச்சே இரண்டாம் இடத்துக்குச் சென்றது. வண்டி ஓடுமா என்பதே முதற் கேள்வியாயிற்று.

அவ்வோட்டுநர் மின்சார முச்சக்கரவண்டிக்கு மாறுவதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று கடன். 2017இல் மத்திய வங்கி முச்சக்கரவண்டிக்கு அதன் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் வழங்கலாகாதென வரையறுத்தபோது, எஞ்சிய 75 வீதத்தையும் கையிற் கொண்டுவர வேண்டியவர் அவரே. மற்றையது இரவில் வண்டியை ஏற்றுவதற்கு ஒரு மின்னிணைப்பு. காருடையவரின் கணக்கு மும்முனை இணைப்பும் சொந்த மின்மானியும் உள்ள வீட்டிலிருந்து தொடங்குகின்றது. முச்சக்கரவண்டி இரவில் நிற்பதோ லயத்து வாசலில். அந்த அறைக்குத் தனி மின்மானி உண்டா, உண்டாயின் அது யார் பெயரில் உள்ளது என்பதிலிருந்தே நோர்வூட்டின் கணக்குத் தொடங்கவேண்டியிருக்கின்றது.